பழைய பாலம், துருப்பிடித்த கம்பி: கணக்கில் எப்படி எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. 1960களில் கட்டிய கான்கிரீட் பாலம் ஒன்று நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பார்க்கும் வேலை வந்திருக்கிறது. வரைபடம் எதுவும் இல்லை. சிமென்ட் பெயர்ந்த இடத்தில் பார்த்தால், தூணின் வளையக் கம்பிகள் 300 மி.மீ. இடைவெளியில், துருவேறி, முனை உள்ளே மடக்கப்படாமல் இருக்கின்றன. கலிபோர்னியாவில் 1971இல் வந்த சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துக்கு முந்தைய பாணி; அதற்குப் பிறகுதான் கம்பி கட்டும் முறை மாறியது.

தூணைவிட எனக்குப் பயம், தளம் உட்காரும் விளிம்பு. அகலம் ரொம்பக் குறைவு. 1989 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ-ஓக்லாண்ட் பாலத்தின் மேல்தளத் துண்டு விழுந்ததுதான் நினைவுக்கு வருகிறது.

சரி, கேள்வி இதுதான்: புஷ்ஓவர் கணக்கில் (பாலத்தைப் பக்கவாட்டில் படிப்படியாகத் தள்ளி, எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது) துருப்பிடித்த கம்பியின் விட்டத்தை மட்டும் குறைத்தால் போதுமா, முறியாமல் நீளும் திறனையும் குறைக்க வேண்டுமா? அப்புறம், அஸ்திவார ஆழத்தைத் தோண்டாமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நேரில் செய்தவர்கள் சொல்லுங்கள். பாடப்புத்தகம் என்னிடமே இருக்கிறது.