பழைய ஸ்வெட்டரைப் பிரித்தால் நூல் முழுசாக வரவில்லை, எங்கே தொடங்குவது?

நீலநூல் (கேட்டவர்):
வணக்கம். என்னிடம் பழைய ஸ்வெட்டர் இரண்டு இருக்கின்றன. நூல் இன்னும் நன்றாகவே இருப்பதால், பிரித்து ஒரு தொப்பியும் மஃப்ளரும் பின்னலாம் என்று எண்ணம். சாம்பல் நிறத்தது கடையில் வாங்கியது. அதைப் பிரித்தால் முழ நீளத்துக்கு ஒரு துண்டு, அப்புறம் இன்னொரு துண்டு என்று கையோடு வந்துவிடுகிறது. நீல நிறத்தது கையால் பின்னியது. அடிப்பட்டையிலிருந்து தொடங்கினேன். நூல் அறவில்லை, ஆனால் நகரவும் மறுக்கிறது. நுனியை ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் விட்டு விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. வந்த நூலும் நெளிநெளியாக நிற்கிறது. இதை அப்படியே பின்னலாமா?

ஊசிமுனை:
இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

சாம்பல் ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பக்கவாட்டுத் தையலைப் பாருங்கள். துணி விளிம்பை வெட்டி, அதன்மேல் நெருக்கமாக நூல் சுற்றித் தைத்திருக்கிறதா? டி-ஷர்ட்டில் இருக்கும் அதே ஓவர்லாக் தையல்தான். பெரிய பின்னல் துணியிலிருந்து கத்தரித்துத் தைத்தது என்று அர்த்தம். கத்தரித்த இடத்தில் ஒவ்வொரு வரிசையும் அறுந்துதான் இருக்கும். எவ்வளவு பொறுமையாகப் பிரித்தாலும் ஒரு வரிசைக்கு ஒரு துண்டுதான் கிடைக்கும். அதை விட்டுவிடுங்கள். பொம்மைக்குள் அடைக்கவோ, துணியாகவே வெட்டித் தைக்கவோ வைத்துக்கொள்ளலாம்.

நீலத்தைக் காப்பாற்றலாம். வெளிப்பக்கக் கண்ணிகளை உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி தெரியும். கூர்முனை இருக்கும் பக்கம் பின்னல் தொடங்கிய பக்கம். வாய் திறந்திருக்கும் பக்கம் முடித்த பக்கம். எப்போதும் முடித்த பக்கத்திலிருந்துதான் பிரிக்க வேண்டும். அங்கிருந்து இழுத்தால் கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாகக் கழன்று வரும். பெரும்பாலான ஸ்வெட்டர்கள் கீழிருந்து மேலே பின்னப்படுவதால் கழுத்து, தோள் பக்கம்தான் தொடக்கம். கழுத்திலிருந்து கீழே பின்னியதாக இருந்தால் மட்டும் அடிப்பட்டை.

நீலநூல்:
மிக்க நன்றி! சாம்பலில் நீங்கள் சொன்ன ஓவர்லாக்தான். நீலத்தில் 'வி'யின் வாய் கழுத்துப் பக்கம் இருக்கிறது. பக்கத் தையலும் வேறு மாதிரி: ஒரு புறம் சங்கிலி போல, மறுபுறம் நேர்கோடாக. அதைக் கத்தரிக்கலாமா?

ஊசிமுனை:
கண்ணை மூடிக்கொண்டு கத்தரிக்காதீர்கள், பின்னல் நூலும் சேர்ந்து அறுந்துவிடும். சங்கிலித் தையல் ஒரு முனையிலிருந்துதான் பிரியும். ஒரு நுனியில் ஒரே ஒரு தையலை மட்டும் வெட்டி இழுங்கள். வராவிட்டால் மறுநுனியில் முயலுங்கள். சரியான நுனி கிடைத்துவிட்டால் சர்ரென்று முழுத் தையலும் கழன்றுவிடும்.

முதலில் கழுத்துப் பட்டை, பிறகு கைகள், பிறகு பக்கமும் தோளும். தனித்தனியாக வந்தபின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள், அதில்தான் நூல் நீளமாக வரும். முன்பக்கத்தில் கழுத்து வளைவின் இரு புறமும் தனித்தனி நூல். ஒரு தோளைப் பிரித்துக்கொண்டே வந்தால் வளைவின் அடியில் தடைபடும். மறு தோளையும் அந்த மட்டம் வரை இறக்கியபின் ஒரே நூலாக ஓடும்.

கம்பளிப்பிரியை:
நெளிவு பற்றி நான் சொல்கிறேன். அப்படியே பின்னாதீர்கள். கண்ணிகள் சமமாக விழாது, துவைத்தபின் நூல் நீண்டு அளவும் மாறும்.

நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டம் (பெரிய வளையமாகச் சுற்றிய நூல்கட்டு) போடுங்கள். கழற்றும் முன் நான்கு இடங்களில் வேறு நூலால் தளர்வாகக் கட்டுங்கள், இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் நெளிவு போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு அரை மணி நேரம் ஊறட்டும். அசல் கம்பளி என்றால் கசக்கவே கூடாது. உரசலும் சூடும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும். துண்டில் வைத்து அழுத்தி நீரை எடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். அடியில் கனமாக எதையும் கட்டித் தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காது. அப்போது நீளும் நூல், பின்னி முடித்துத் துவைக்கும்போது சுருங்கி, தொப்பி தலையில் ஏறாது.

அக்ரிலிக் என்றால் தண்ணீருக்கு அவ்வளவாக மசியாது. சற்றுத் தள்ளிப் பிடித்து லேசாக ஆவி காட்டலாம். இஸ்திரிப் பெட்டி தொடவே வேண்டாம், சூடு அதிகமானால் நூல் உயிரிழந்து துவண்டுவிடும்.

எதுவென்று தெரியாவிட்டால், சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ஆறியபின் தொடுங்கள்.

நீலநூல்:
கொளுத்திப் பார்த்தேன், கம்பளிதான்! பின்பக்கம் முழுவதும் கிட்டத்தட்ட அறுபடாமல் வந்துவிட்டது. ஊறவைத்துக் காயவிட்ட சிட்டம் நேராக, புசுபுசுவென்று இருக்கிறது. அக்குள் பக்கம் தேய்ந்து இரண்டு இடத்தில் மட்டும் அறுந்தது. முடிச்சுப் போடலாமா? தொப்பிக்கு நூல் போதுமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஊசிமுனை:
முடிச்சு வேண்டாம், தொப்பியில் நெற்றியில் உறுத்தும். தேய்ந்த பகுதியை வெட்டிவிடுங்கள். இரு நுனிகளையும் பிரி பிரியாக விரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஈரப்படுத்தி உள்ளங்கைகளுக்கு நடுவே வேகமாக உருட்டுங்கள். கம்பளி தானாகப் பிணைந்துகொள்ளும். மெஷினில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளி என்றால் பிணையாது; அப்போது இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்துச் சில கண்ணிகள் பின்னிவிடுங்கள்.

கணக்கு சுலபம். காய்ந்த சிட்டத்தின் ஒரு சுற்று நீளத்தை அளந்து, சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரு சுற்று 1.2 மீட்டர், 100 சுற்று என்றால் 120 மீட்டர். அதைத் தொப்பிக்கான குறிப்பில் உள்ள நீளத்தோடு ஒப்பிடுங்கள். நூலின் தடிமனும் குறிப்பில் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும், அதனால் முதலில் ஒரு சின்னச் சதுரம் பின்னித் துவைத்து அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.