மேலெழும் ஹெட்லைட் மோட்டார் பழுது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து:

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த மஸ்டா எம்எக்ஸ்-5 கார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை வண்டி. தேவைப்படாதபோது முன்பக்கக் குழிக்குள் படுத்திருந்து, தேவைப்படும்போது மோட்டாரால் எழும்பும் விளக்கு இதற்கு. அடுத்த தலைமுறையிலேயே இந்த மேலெழும் விளக்கை மஸ்டா கைவிட்டுவிட்டது. இந்த வண்டியோடு பழகியதில் ஒன்றை அடித்துச் சொல்வேன்: “மோட்டார் போய்விட்டது” என்று யார் சொன்னாலும் உடனே நம்பிவிடாதீர்கள்.

ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இருட்டுகிற நேரத்தில் வலது விளக்கு எழும்ப மறுத்தது. வலது விளக்கு என்பதுதான் ஆபத்து. எதிரே வருகிறவருக்குச் சாலை ஓரத்தில் ஒற்றை விளக்கு மட்டும் தெரியும். யாரோ இருசக்கர வண்டியில் வருகிறார் என்று நினைத்து நடுச்சாலைக்கு ஏறி வருவார். ஒரு லாரி அப்படித்தான் வந்தது. ஓரம் கட்டி நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் மேலிருக்கும் குமிழைக் கையால் திருகி விளக்கைத் தூக்கினேன். அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் ஒரு பணிமனையில் மோட்டாரை மாற்ற வேண்டும், கிடைக்காவிட்டால் பானெட்டை வெட்டி நிலையான விளக்கு வைத்துவிடலாம் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கழற்றிக்கூடப் பார்க்காமல் எப்படி இந்த முடிவுக்கு வருகிறார்கள்?

இங்கே எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரை எடுத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்தார். டாஷ்போர்டில் விளக்கை எரியவிடாமல் தூக்க மட்டும் ஒரு தனி பட்டன் உண்டு. சோதனைக்கு அதுதான் வசதி. அதை அழுத்தியதும், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே ‘டிக்’ என்றது. பேட்டரியில் 12.5 வோல்ட். மோட்டார் பிளக்கில் சுமையோடு பார்த்தால் 9 வோல்ட்தான். மீதி எங்கே போனது? எர்த் ஒயர் போல்ட்டின் அடியில் துரு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் 12 வந்தது. விளக்கும் அசைந்தது, ஆனால் முனகிக்கொண்டு பாதியில் நின்றது.

பிறகுதான் மோட்டாரைத் திறந்தோம். உள்ளே கியரோடு சேர்ந்து சுழலும் ஒரு தட்டில் செம்புப் பட்டைகள் இருக்கும். அவற்றின் மேல் சிறு தொடுமுனைகள் உரசும். இந்த மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றும். அரைச் சுற்றில் விளக்கு மேலே, அடுத்த அரைச் சுற்றில் கீழே. எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்வது அந்தப் பட்டைதான். எங்கள் தட்டில் பழைய கிரீஸ் காய்ந்து, நாள்பட்ட புளிக்கரைசல்போலக் கறுத்துப் படிந்திருந்தது. விரலால் தொட்டால் நறநறவென்றது. கிரானைட் லாரிகள் ஓடும் ஊரில் தூசிக்கா பஞ்சம்! மண்ணெண்ணெயில் கழுவி, செம்பை மெதுவாகத் தேய்த்து, புது கிரீஸை மெல்லியதாகத் தடவி மூடினோம். வெளியே, மோட்டாரையும் விளக்கையும் இணைக்கும் லிங்க் கம்பியின் மூட்டுகளில் கிரீஸ் வைத்தோம். அதே பழைய மோட்டார்தான் இன்றும் ஓடுகிறது.

தர்மபுரியிலிருந்து:

உங்கள் சிக்கலுக்கு நேர் எதிரானது எங்கள் பழைய டொயோட்டா செலிகாவுக்கு வந்தது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விளக்கு நிற்காமல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஆடத் தொடங்கியது. லாரிகளுக்கு நடுவே அந்த இறக்கத்தில் வெளிச்சம் வந்து வந்து போனால் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நண்பர் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம்: வண்டியை நிறுத்தி, விளக்கு மேலே வந்த நொடியில் மேலெழுப்பும் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கினார். உள்ளிருக்கும் வார்ம் கியர் (திருகுபோன்ற கியர்) பின்னோக்கி எளிதில் சுற்றாது; விளக்கு அங்கேயே நின்றுவிட்டது.

காரணம் நீங்கள் சொன்ன அதே தட்டுதான். உள்ளே தண்ணீர் புகுந்து பச்சை பூத்து, மின்சாரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போயிருக்கிறது. கார்பன் பிரஷ்ஷும் தேய்ந்திருந்தது. கிணற்று மோட்டார் ரீவைண்டிங் செய்யும் கடைக்குக் கொண்டுபோனேன். டிரில் மெஷின் பிரஷ்ஷை அளவுக்கு அரத்தால் ராவிப் போட்டுக் கொடுத்தார். கார் மெக்கானிக்குகள் கையை விரித்த வேலை அது. கழுவும்போது விளக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தக் குழிக்குள் தண்ணீரைப் பீய்ச்சுவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஒசூரிலிருந்து:

இருவரும் மோட்டாரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். லிங்க் கம்பியின் இரு முனையிலும் இருக்கும் புஷ்களையும் (மூட்டுக்குள் இருக்கும் சிறு வளையங்கள்) கவனியுங்கள். அவை தேய்ந்தால் விளக்கு மேலே வந்தும் குலுங்கும், ஒளிக்கற்றை சாலையில் நடுங்கும். அதற்கும் மோட்டாருக்கும் சம்பந்தமே இல்லை. சோதிப்பது எளிது: ஃபியூஸைக் கழற்றுங்கள், விளக்கை மேலே நிறுத்திக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஃபியூஸ் இருக்கும்போது மட்டும் விரலை உள்ளே விடாதீர்கள். மோட்டார் சுழற்றும் அந்தக் கிராங்குக் கைக்கு விரல் என்றும் கம்பி என்றும் வித்தியாசம் தெரியாது.

என் வண்டிக்கு இங்கே லேத் பட்டறையில் நைலானில் கடைந்து வாங்கினேன். தேவைப்படுகிறவர்கள் பழைய புஷ்ஷைத் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள். அளவெடுக்க உடைந்த துண்டு இருந்தால்கூடப் போதும்.