காமிக்ஸை நிறுத்தினால்தான் கதைப்புத்தகம் படிப்பார்களா?

பரண்: பத்து வயதுப் பிள்ளை காமிக்ஸ் தவிர எதையும் தொடவில்லையா? மூன்று மாதம் காமிக்ஸ் வாங்குவதை நிறுத்துங்கள். இலையில் அப்பளம் இருக்கும்வரை பொரியலை யார் தொடுவார்கள்?

சித்திரக்கட்டம்: நிறுத்தினால் கை கதைப்புத்தகத்துக்குப் போகாது பரண் சார், செல்போனுக்குத்தான் போகும். எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். காமிக்ஸில் பாத்திரங்களின் வசனம் வரும் பலூனில் பெரும்பாலும் பேச்சுதான். யார் பேசுகிறார், கோபமா கிண்டலா, பகலா இரவா எல்லாம் படத்திலேயே இருக்கிறது. உரைநடையில் அத்தனையையும் சொல்லிலிருந்தே பிடிக்க வேண்டும். போதாததற்கு நமக்கு எழுத்து நடை வேறு, பேச்சு நடை வேறு. முதல் இரண்டு பக்க வருணனையிலேயே பிள்ளை மூடி வைப்பது அதனால்தான்.

பரண்: அப்போ மேலும் காமிக்ஸ் கொடுத்தால் எழுத்து நடை எப்படிப் பழகும்? முத்து காமிக்ஸ் என்ற தமிழ்க் காமிக்ஸ் வரிசை 1972இல் வந்தது. அதன் நாயகன் இரும்புக்கை மாயாவியோடு நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்!

சித்திரக்கட்டம்: தாண்டி வந்தவர்களும் உண்டே. கதைப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைப் பெரியவர் வாய்விட்டுப் படிக்கட்டும், இரவில் 15 நிமிடம். முடிச்சு விழும் இடத்தில் நிறுத்தி, புத்தகத்தைத் தலையணை பக்கத்தில் விட்டுவிடுங்கள். மறுநாள் "படிச்சியா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய்: இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒரு பக்கத்துப் பலூன்களைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டித் திணறினால், இத்தனை நாளும் படம் பார்த்தே கதை நகர்ந்திருக்கிறது. அங்கே சிக்கல் ரசனையில் இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். எளிதிலிருந்து கடினம்வரை நான்கு வாசிப்பு நிலைகள் உண்டு. வகுப்பைப் பார்க்காமல், திணறாத நிலையிலிருந்து தொடங்குங்கள். சரளமாகப் படிக்கிறதா? சுமார் 100 சொல் உள்ள பக்கத்தில் புரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

பரண்: பத்துப் பக்கம் படித்தால்தான் காமிக்ஸ் என்று வைக்கலாமே?

சித்திரக்கட்டம்: கஷாயம் குடித்தால் சர்க்கரை என்பது போல ஆகிவிடும். அப்புறம் கதைப்புத்தகத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும். விருப்பத்தைப் பிடித்துக்கொண்டே நகருங்கள்: துப்பறியும் காமிக்ஸ் பிடித்தால் நாலைந்து பக்கத் துப்பறியும் சிறுகதை. எடுத்ததும் 200 பக்க நாவல் வேண்டாம். இன்னொன்று, ஆறு கட்டமுள்ள ஒரு காமிக்ஸ் பக்கத்தைப் படமில்லாமல் எழுதச் சொல்லுங்கள். வருணனை எதற்கென்று அப்போது தெரியும்.

பரண்: எழுதச் சொன்னால் வீட்டுப்பாடம் ஆகிவிடும், வாயால் சொன்னால் போதும். ஆனால் மாதம் ஒரு காமிக்ஸ்தான், அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஏட்டுச்சுரைக்காய்: நூலக அட்டை இருந்தால் அந்தக் கணக்கு எதற்கு சார்?