அம்மாவோட மருந்து, ரிப்போர்ட் விவரத்தை எப்படி எழுதி வெச்சுக்கிறீங்க?

மதுரைக்காரன்:
அம்மாவுக்கு 66 வயசு. சுகருக்கு ஒரு டாக்டர், பிபிக்கு ஒருத்தர், மூட்டுவலிக்கு இன்னொருத்தர். போன வாரம் ராத்திரி தலைசுத்தல்னு அவசரமா கூட்டிட்டுப் போனேன். என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு டூட்டி டாக்டர் கேட்டார். "காலையில ஒரு வெள்ளை, ராத்திரி பாதி ரோஸ்"னு அம்மா சொன்னாங்க. எனக்கும் அதுக்கு மேல தெரியல. மனசு கஷ்டமாயிருச்சு. நீங்கல்லாம் நோட்டு போடுறீங்களா?

கோவில்பட்டி மகள்:
தம்பி, இன்னைக்கே ஆரம்பிங்க. எங்க அப்பா ரிப்போர்ட்டெல்லாம் ஒரு மஞ்சப்பையில கிடந்துச்சு. ஒருநாள் தரையில பரப்பி, தேதிவாரியா அடுக்கி, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட் இருக்குல்ல, கிரியேட்டினின், அதை மட்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதினேன். ஏறினா நல்லதில்ல. 0.9, 1.0, 1.2, 1.4. தனித்தனியா பாத்தப்ப யாரும் பதறல. வரிசையா பாத்தா ஏறிக்கிட்டே இருக்கு.

பக்கத்துலயே, எந்த மாத்திரை எப்போ ஆரம்பிச்சதுன்னு அப்பாகிட்ட கேட்டுக் கேட்டு எழுதினேன். 1.0-க்கு அப்புறந்தான் முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக். டாக்டர் எழுதினது 5 நாளைக்கு. அப்பா மெடிக்கல்ல தானா வாங்கி மாசக்கணக்கா போட்டிருக்காங்க. அந்த ஒரு பக்கத்தை டாக்டர்கிட்ட நீட்டினேன். கிட்னிக்கு ஆகாதுன்னு அந்த வலி மாத்திரையை அன்னைக்கே நிறுத்தச் சொன்னார். 3 மாசத்துல 1.2-க்கு இறங்குச்சு. அந்த நோட்டு இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

முதல் பக்கத்துல ரத்த வகை, ஒத்துக்காத மருந்து, செஞ்ச ஆபரேஷன். அடுத்த பக்கம் இப்போ சாப்பிடுற மாத்திரை. கம்பெனி வெச்ச பேரோட நிறுத்தாதீங்க, அட்டையில பொடி எழுத்துல இருக்கிற மருந்துப் பேரையும் மில்லிகிராமையும் சேர்த்து எழுதுங்க.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
இசிஜி தாள் சூட்டுல அச்சாகுறது, நாளாக நாளாக மங்கிடும். அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்துடுங்க. நெஞ்சுவலின்னு வரும்போது பழைய இசிஜி கையில இருந்தா, மாற்றம் புதுசா, முன்னாடியே இருந்ததான்னு ஒப்பிட்டுப் பாக்க முடியும். அட்மிஷன்ல இருந்தப்போ கொடுத்த காகிதம் தொலைஞ்சுட்டா அந்த ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்துக் கேளுங்க. 2002-ல வந்த மருத்துவக் கவுன்சில் விதிமுறைப்படி உள்நோயாளி ஆவணத்தை 3 வருஷம் வெச்சிருக்கணும், கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்.

மதுரைக்காரன்:
நன்றிக்கா, நன்றிம்மா. மருத்துவ விவரத்தையெல்லாம் ஆன்லைன்ல சேத்து வெக்கிற அரசாங்கத்தோட ஆபா (ABHA) எண் எடுத்துட்டா நோட்டே வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்றாங்களே?

கோவில்பட்டி மகள்:
அந்த 14 இலக்க எண் அப்பாவுக்கும் எடுத்திருக்கேன், நல்லதுதான். ஆனா மெடிக்கல்ல தானா வாங்கிப் போட்ட மாத்திரை அதுல தன்னால வந்து உக்காராது தம்பி. அதைப் பக்கத்துல உக்காந்து கேட்டுத்தான் எழுதணும்.

மதுரைக்காரன்:
இப்பத்தான் அம்மாவோட மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாத்தேன். வேற வேற பேர்ல ரெண்டு அட்டை. ரெண்டுலயும் பொடி எழுத்துல ஆம்லோடிபின் 5, ஒரே பிபி மருந்து. ஒண்ணு பழைய டாக்டர் எழுதினது, இன்னொண்ணு புதுசா மாறின டாக்டர். ரெண்டையும் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாடி டாக்டருக்குப் போன் போட்டுருங்க தம்பி. போகும்போது ரெண்டு அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.