புதுப்பிப்பு: மகளை எந்தப் பள்ளியில் சேர்த்தோம்

ஆறாம் வகுப்புக்கு மகளைப் பெண்கள் பள்ளியில் சேர்ப்பதா, இருபாலர் பள்ளியிலா என்று கேட்டிருந்தேன். "பெண்கள் பள்ளியில்தான் மார்க் வரும்" என்றீர்கள் பலர். தேடிப் படித்தேன். ஜேனட் ஹைட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014-ல் 21 நாடுகளின் 184 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். தரமான ஆய்வுகளில் பெரிய வித்தியாசமே இல்லை. அதோடு மார்க் பேச்சை விட்டுவிட்டோம்.

வேலை நாளில் இரண்டு பள்ளிக்கும் போனோம். இருபாலர் பள்ளியில் பி.டி. பீரியட்: மைதானம் முழுக்கப் பையன்கள், பெண்பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. பெண்கள் பள்ளியில் அதே வயதுப் பிள்ளைகள் கால்பந்து ஆடினார்கள், கத்தலோ கத்தல்! கழிப்பறை சுத்தம், நாப்கின் எரிக்கும் மெஷினும் வேலை செய்கிறது (இதைக் கட்டாயம் போய்ப் பாருங்கள்).

மகளுக்கும் அதுதான் பிடித்தது, சேர்த்துவிட்டோம். பிளஸ் ஒன்னில் இருபாலர் பள்ளி வேண்டும் என்று கேட்டால் மாற்றிவிடுவோம்.