உமிழ்வா, வெளியேற்றமா, காலலா? நெல்வயல் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிமாற்றி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு நெல்வயலிலிருந்து வருவதைக் குறைப்பது பற்றி, காவிரி டெல்டா உழவர்களுக்கான ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் உள்ளே இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலேறி வெளியே போகிறது. இந்த வெளியே போதலுக்கு, அதாவது எமிஷனுக்கு, ஒரு சொல் வேண்டும். குறைத்தல், அளத்தல், கணக்கிடல் எல்லாவற்றோடும் அது ஒட்ட வேண்டும். வரைவில் 'உமிழ்வு' என்று இருக்கிறது. அதை வாசித்த உழவர் ஒருவர், "என் வயல் யார் மேல துப்புது?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

சொல்லேர் எழுதியது:

உமிழ்வு நல்ல தமிழ்; அதில் இழிவு ஏதும் இல்லை. தண்டி காவியாதரிசம் என்ற வடமொழி அணிநூலில் இதையே பேசுகிறார். துப்புதல், கக்குதல் போன்ற சொற்கள் நேர்ப்பொருளில் வந்தால் கொச்சை. வேறொன்றின் மேல் ஏற்றிச் சொன்னால் மிக அழகு. விளக்கு ஒளியை உமிழ்கிறது என்கிறோம், விளக்கு கோபித்துக்கொள்வதில்லையே.

ஆனாலும் உழவர் மனம் கோணக்கூடாது என்றால் 'கால்' என்ற வினையைப் பாருங்கள். கால்தல் என்றால் வெளிப்படுத்துதல். கால் என்றால் காற்று. கால் என்றால் நீரோடும் வழியும்தான். வாய்க்காலில் இருப்பது அதுவே. காற்றை வெளியிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் எந்த மொழியில் இருக்கிறது? 'காலல்' என்று வைக்கலாம். மூன்று பொருளும் ஓர் ஓசையில் சேர்ந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

யாழ்வாசி எழுதியது:

சொல்லேர் ஐயா, காலல் எங்களுக்குப் புதிதில்லை. இலங்கைப் பௌதிகப் பாடத்தில் காலல் நிறமாலை என்றுதான் படித்தோம். வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மீத்தேன் போன்றவற்றை நீங்கள் பசுமை இல்ல வாயு என்பீர்கள், நாங்கள் பச்சைவீட்டு வாயு என்போம். ஒரு கடல் இடைவெளிக்குள் இரண்டு சொற்கோவை. இந்த ஒரு சொல்லிலாவது இரு கரையும் ஒன்றாகுமென்றால் எனக்கு மகிழ்ச்சி.

சோதனைக்குழாய் எழுதியது:

பள்ளியில் வேதியியல் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் உமிழ் நிறமாலை இருக்கிறது. ஒளிக்கு உமிழ்வு, வாயுவுக்கு வெளியேற்றம் என்று பிரித்துக்கொண்டால் மாணவர்களுக்குக் குழப்பம் குறையும். 'வெளியேற்றம்' எல்லாருக்கும் புரிகிற சொல்.

சொல்லேர் எழுதியது:

வெளியேற்றம் என்றால் யாரோ ஒருவர் வேண்டுமென்றே வெளியே தள்ளுவது. அனல்மின் நிலையப் புகைபோக்கிக்குச் சரி. வயல் யாரையும் எதையும் வெளியேற்றவில்லையே அம்மா. மாட்டுக்கு ஏப்பம், எரிவாயுக் குழாய்க்குக் கசிவு, வயலுக்கு ஊறல் என்று மூலத்துக்கு ஒரு சொல் வைத்தால் என்ன?

சோதனைக்குழாய் எழுதியது:

அழகாக இருக்கும், கணக்குக்கு ஆகாது ஐயா. நிலக்கரியை எரித்து வரும் கரியமில வாயு, மாட்டின் ஏப்பத்தில் வரும் மீத்தேன் (பின்பக்கமாக வருவது மிகக் குறைவு), குப்பைமேட்டிலிருந்து வருவது, வயலிலிருந்து வருவது எல்லாவற்றையும் கடைசியில் ஒரே பட்டியலில் கூட்ட வேண்டும். பூமியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 20 ஆண்டுக் கணக்கில் 80-க்கும் மேல். மீத்தேன் காற்றில் தங்குவது ஏறத்தாழ 12 ஆண்டுதான். இன்றைக்குக் குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும் என்பதால்தான் இதற்கு இவ்வளவு அவசரம். கூட்டுவதற்கு ஒரு பொதுச்சொல் இல்லாமல் தீராது.

கடைமடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எமிஷனைவிடப் பெரிய சிக்கல் 'மீத்தேன்'. மன்னார்குடிப் பக்கம் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்ற ஊர்கள் இவை. டெல்டாவை 2020-இல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டமாக்கியதற்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது. அங்கே போய் "உங்கள் வயலில் மீத்தேன் வருகிறது" என்று முதல் பக்கத்தில் அச்சடித்தால், மறுபடி குழாய் இறக்க வருகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். சாண எரிவாயு அடுப்பில் எரிகிற அதே வாயு, சேற்றிலும் உண்டாகிறது என்று தொடங்குங்கள் தம்பி.

அப்புறம், வரைவில் 'மாற்று ஈரமாக்கலும் உலர்த்தலும்' என்று ஒரு தொடர் இருக்கிறது. யாருக்காக அது? எங்கள் ஊரில் அதற்குப் பெயர் காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை தண்ணீர் இறங்கினபின் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இந்தக் குழாயையாவது படம் போட்டுக் காட்டுங்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுதுங்கள். குறுவையில் போர்வெல் வைத்திருப்பவரால் இது முடியும். சம்பாவில் ஐப்பசி அடைமழைக்கு நடுவே எதைக் காயவிடுவது? வாய்க்காலின் கடைசியான கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் வரும்போது, வந்ததைக் கட்டிவைக்கத்தான் கை போகும். அடுத்த முறை எப்போது என்று யாருக்குத் தெரியும்?

சோதனைக்குழாய் எழுதியது:

மிகச் சரி. பருவத்தில் பலமுறை காயவிட்டால் மீத்தேன் ஏறத்தாழ பாதியாகும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி-யின் கணக்கு முறை எடுத்துக்கொள்கிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டுக் காயவிட்டும் பாய்ச்சியும் வந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும். அது பூமியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 273 மடங்கு வலியது.

சொல்லேர் எழுதியது:

காய்ச்சலும் பாய்ச்சலும்! எதுகையோடு விளைந்த கலைச்சொல். இதற்கு மேல் நாம் என்ன ஆக்கப் போகிறோம்?

ஆனால் இன்னொன்று. 'வாயு' எதற்கு? ஊரில் வாயு என்றால் வயிற்று உப்புசம். வளி இருக்கிறது. "மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று" என்று குறள் சொன்னது உடலைப் பற்றித்தான், பூமிக்கும் பொருந்துகிறது. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இந்த வளிகள் அறவே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 18 பாகைக்குப் போகும். மிகுந்தாலோ இன்று படும் பாடு. ஆகவே பசுமை இல்ல வாயுவுக்குப் பைங்குடில் வளி என்று வைக்கலாம்.

கடைமடை எழுதியது:

வளி என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் வலி என்று வாசிப்பார்கள் ஐயா. குறளைக் கையேட்டில் போடுங்கள், வாயுவை மாற்றாதீர்கள்.

மொழிமாற்றி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள், இதற்கு மேல் தள்ள முடியாது. அட்டவணைகளில் 'வெளியேற்றம்'. உழவரிடம் பேசும் பக்கங்களில் பெயர்ச்சொல்லே வேண்டாம், 'வயலிலிருந்து கிளம்பும் வாயு' என்று வினையாகவே போகிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் தலைப்பிலேயே வருகிறது. சம்பாவில் காயவிட முடியாத சிக்கலைத் தனிப் பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

யாழ்வாசி எழுதியது:

சரி, ஏற்கிறேன். சொல் விளக்கப் பக்கத்தில் வெளியேற்றத்துக்குப் பக்கத்தில் காலலையும் பச்சைவீட்டு வாயுவையும் போட்டால், வன்னியில் நெல் செய்கிறவர்களும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

சொல்லேர் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. வெளியேற்றம் என்ற சொல் வயலைக் குற்றவாளி ஆக்குகிறது. உமிழ்வுக்கு உழவர் சொன்ன அதே குறை இதற்கும் உண்டு. இரண்டாம் பதிப்பு வரும்போது காலலை மறுபடி எடுப்பேன்.