குளத்துக்குக் கீழே நாற்பது ஏக்கர் மனை: வேண்டுமா, வேண்டாமா?

மடைவாசல்:
தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற வழியில், குளத்துக்கரைக்குக் கீழே கிடக்கிற வயற்காட்டில் நாற்பது ஏக்கரை வளைத்து மனை போடப்போகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான், சாரலில் சொந்த வீடாம். டிடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இன்னும் வரவில்லை, அதற்குள் அட்வான்ஸ் வாங்குகிறார்கள். கார், பிசானம் என்று ரெண்டு போகம் நெல் விளைந்த நஞ்சை அது. இதை நான் எதிர்க்கிறேன், மற்றவர்கள் சொல்லுங்கள்.

குவைத்துத் தம்பி:
அண்ணாச்சி, அப்பா கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு எதிர்ப்பது சுலபம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாலு வாடகை வீடு மாறியாயிற்று, கடைசி வீட்டுக்காரர் மோட்டார் போடுவதற்கே நேரம் குறித்துக் கொடுத்தார். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் ஆனதிலிருந்து ஊருக்குள் ஒரு சென்ட் விலை கேட்டாலே தலை சுற்றுகிறது. அப்புறம், கார் கார் என்கிறீர்களே, கடைசியாக எந்த வருஷம் நிம்மதியாகக் கார் அறுத்தீர்கள்? நடவுக்கு ஆள் இல்லை. என் தாத்தாவுக்கு இருந்த ஒரு கோட்டை விதைப்பாட்டு வயலை நாலு பேர் பிரித்ததில், இப்போது டிராக்டர் திரும்பக்கூட இடமில்லை. அப்படிப்பட்டவன் விற்றால் அது குற்றமா?

மடைவாசல்:
விற்கிறவனைக் குற்றம் சொல்லவில்லை தம்பி. ஆனால் நடுவில் நாற்பது ஏக்கர் வீடாகிவிட்டால், அதற்குக் கீழே விற்காமல் இருக்கிறவன் வயலுக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? அவன் ரெண்டு வருஷம் தரிசு போட்டுவிட்டு, பிறகு அதே புரோக்கரிடம் பாதி விலைக்குக் கொடுப்பான். இதை நான் கண்ணால் பார்த்தவன்.

இலஞ்சி மதினி:
தண்ணீர்க் கணக்கை யாராவது போட்டீர்களா? சாலை போக நாலு நாலு சென்ட்டாகப் பிரித்தாலும் அறுநூறு மனைக்குக் குறையாது. வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், அரசாங்கம் வைத்திருக்கிற அளவுதான். மூன்றேகால் லட்சம் லிட்டர் வருகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் தினமும் இருபத்தேழு நடை. அது இல்லாவிட்டால் அறுநூறு போர்வெல். சரி, வந்த தண்ணீர் எங்கே போகும் என்பதை யோசித்தீர்களா? அங்கே ஐப்பசி, கார்த்திகையில் மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினால் தண்ணீர் ஊறும். அந்த மண்ணில் அறுநூறு செப்டிக் டேங்க். பக்கத்துக் கிணற்றில் குடிக்கிறவர்களும் மனுஷர்கள்தானே.

குவைத்துத் தம்பி:
மதினி, பொதுவாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொல்லிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். வீடே வேண்டாம் என்பது என்ன நியாயம்? வெள்ளம் வெள்ளம் என்று அடுத்து ஆரம்பிப்பீர்கள்.

மடைவாசல்:
ஆரம்பிக்கத்தான் செய்வேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழை கொஞ்சம் மேற்கே தள்ளி விழுந்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போமா? அதுகூட வேண்டாம். குண்டாறு அணை வெறும் 36 அடி, சாரல் பிடித்த கொஞ்ச நாளிலேயே நிரம்பி வழிகிறது. அந்தத் தண்ணீர் குளம் குளமாக இறங்கி வருகிறது. மேல்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் கீழ்க்குளத்துக்குப் போகிற வழி அந்த வயல் நடுவேதான்.

ஆரியங்காவு ராசா:
கேரளத்துப் பக்கமிருந்து ஒரு வார்த்தை. இங்கே 2008-லேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. டேட்டா பேங்க் என்கிற அரசாங்க நிலப் பட்டியலில் வயல் என்று ஏறிவிட்டால் மண் அடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் இங்கே காசு வைத்திருக்கிறவன் மலை இறங்கி உங்கள் ஊரில் சாரல் சீசனுக்கு ஒரு வீடு வாங்கிப் போடுகிறான். அறுநூறில் எத்தனை வீட்டில் வருஷம் முழுக்க விளக்கு எரியும் என்று பாருங்கள். தம்பியைப் போன்றவர்களுக்காகக் கட்டுகிறார்கள் என்று நான் நம்பவில்லை.

குவைத்துத் தம்பி:
உங்கள் வயலைக் காப்பாற்றிவிட்டீர்கள், வீடு கட்டக் கல்லும் எம்-சாண்டும் மட்டும் புளியரை செக்போஸ்ட் வழியாக எங்கள் ஊரிலிருந்து லாரி லாரியாக வர வேண்டும். நன்றாயிருக்கிறது அண்ணாச்சி.

ஆரியங்காவு ராசா:
அது வாஸ்தவம். மறுக்கவில்லை.

பத்திர எழுத்து:
முப்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதினவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும். ஒன்று, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் விளம்பரம் செய்யவும் கூடாது, அட்வான்ஸ் வாங்கவும் கூடாது. நோட்டீஸில் ரெரா எண் இருக்கிறதா, பாருங்கள். அப்புறம், நஞ்சையை மனையாக்கக் கலெக்டர் இசைவு வேண்டும், வேளாண்மைத் துறையையும் கேட்பார்கள். மூன்றாவதுதான் முக்கியம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும், காசு கட்டித் தப்ப முடியாது. நாற்பதில் சாலைக்குப் பன்னிரண்டு போனால் ரெண்டே முக்கால் ஏக்கருக்கு மேல் வருகிறது. அந்த இடத்தைப் படத்தில் எங்கே காட்டியிருக்கிறார்கள்?

மடைவாசல்:
நோட்டீஸ் என் கையில் இருக்கிறது. ரெரா எண் இல்லை. 'பூங்கா' என்று பச்சை அடித்த இடம் நாடா மாதிரி மேற்கிலிருந்து கிழக்கே வளைந்து வளைந்து போகிறது.

பத்திர எழுத்து:
வளைந்த பூங்காவை யாரும் வேண்டுமென்று போடுவதில்லை. அது வாய்க்காலாக இருக்கும். வாய்க்கால் புறம்போக்கு சர்க்கார் சொத்து, அதையே சர்க்காருக்குத் தானம் கொடுக்க இவர்கள் யார்? சர்வே எண் தெரிந்தால், நிலத்தின் எல்லையும் அளவும் காட்டுகிற புலப்படத்தை ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம்.

குவைத்துத் தம்பி:
ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பச்சை அடித்த இடத்தில் புதுசாகச் சரள் அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் சர்வே கல்லின் தலை மட்டும் நாலு விரல் வெளியே தெரிகிறது. பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சியிடம் கேட்டேன். "இதுல எறங்கித்தானய்யா எங்க மாட்டைக் குளிப்பாட்டுவோம்" என்றாள். புரோக்கரிடம் சர்வே எண் கேட்டால், அப்ரூவல் வந்த பிறகு தருகிறோம் என்கிறான். இன்னொன்று, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நான் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ரசீது கிடையாது, விசிட்டிங் கார்டின் பின்னால் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு இன்னமும் வீடு வேண்டும், அதில் மாற்றமில்லை. வாய்க்காலை விட்டுவிட்டு மேட்டுப் பக்கம் போட்டால் அங்கேயே வாங்குவேன்.

பத்திர எழுத்து:
அந்தக் கார்டைப் பத்திரமாக வை. கல்லில் எண் கொத்தியிருக்கும், சரளை ஒதுக்கிப் போட்டோ எடுத்து அனுப்பு, மற்றதை நான் பார்க்கிறேன்.

மடைவாசல்:
தம்பி, போகும்போது சொல். நானும் வருகிறேன்.